வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை: முகவர் கட்டணத்தை யார் கொடுக்க வேண்டும்?

வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை தேடுகிறவர்கள் முகவரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் 'மொத்தம் எவ்வளவு ஆகும்?' என்றுதான். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியவர் யார்? உலக அளவில் இதற்கு எழுதப்பட்ட விதியே உண்டு. அது வேலை தேடுகிறவரின் பக்கம் நிற்கிறது. தெரியாததால்தான் பலர் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் நிறைவேற்றிய 181-ஆம் உடன்படிக்கை தனியார் வேலைவாய்ப்பு முகவர்களைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 7-ஆவது பிரிவு, தொழிலாளர்களிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுமையாகவோ பகுதியாகவோ எந்தக் கட்டணத்தையும் செலவையும் முகவர்கள் வசூலிக்கக் கூடாது என்கிறது. தொழிலாளர்களின் நலன் கருதிச் சில பிரிவினருக்கோ சில வகைச் சேவைகளுக்கோ ஒரு நாடு விலக்கு அளிக்கலாம். அப்படி அளித்தால் அதற்கான காரணத்தையும் அந்த நாடு தெரிவிக்க வேண்டும்.

உடன்படிக்கை அதை ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். நடைமுறையில் உங்களைக் காப்பது அந்தந்த நாட்டின் சட்டம். பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகவர் சட்டம், வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதைத் தடை செய்கிறது. நடிகர், மாடல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் விலக்கு. ஆசிரியர் அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்பான் 181-ஆம் உடன்படிக்கையை 1999-இல் ஏற்றது. அங்கும் பொதுவிதியாக வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்க முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆட்சேர்ப்புச் செலவை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியின் தலையில் கட்டுவதற்கு முதலாளிக்குத் தடை விதிக்கிறது. எல்லா நாடுகளும் இப்படி இல்லை. சிங்கப்பூரில் முகவர் கட்டணம் வாங்கலாம். ஆனால் ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஆகவே முகவர் எந்த நாட்டில் பதிவு செய்திருக்கிறார், பள்ளி எந்த நாட்டில் இருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் கட்டணம் சரியா தவறா என்று சொல்ல முடியாது.

கட்டணம் என்றால் என்ன என்பதிலும் குழப்பம் வேண்டாம். ஒரு வேலையைப் பெறுவதற்காக ஆட்சேர்ப்பின்போது தொழிலாளிக்கு ஏற்படும் எந்தச் செலவும், அது எந்த வடிவில், எப்போது, எங்கே வாங்கப்பட்டாலும், ஆட்சேர்ப்புக் கட்டணமே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வரையறுத்தது. மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, தகுதித் தேர்வு, அறிமுகப் பயிற்சி, பயணம், விசா, ஆவணங்கள் என முதலாளியின் தேவைக்காக ஆகும் செலவுகள் பலவும் அந்தப் பட்டியலில் வருகின்றன. நிஜத்தில் பட்டச் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கு அப்போஸ்டில் முத்திரை வாங்குவது, காவல்துறைச் சான்றிதழ் பெறுவது போன்றவற்றை ஆசிரியர்களே செய்து, அரசு அலுவலகத்தில் அவர்களே பணம் கட்டுகிறார்கள். அந்தத் தொகைக்கு அரசு ரசீது உண்டு. அதே முத்திரைக்கு முகவர் பல மடங்கு கேட்டால், மீதி ஆட்சேர்ப்புக் கட்டணம்தான். பெயர் மட்டும் வேறு.

பெயர் மாற்றத்தில்தான் எல்லாமே நடக்கிறது. பதிவுக் கட்டணம், கோப்புத் தயாரிப்பு, நேர்காணல் கட்டணம், இடத்தை உறுதி செய்யும் டெபாசிட் என்று தனித்தனியாக வாங்கும்போது ஒவ்வொன்றும் சிறியதாகவே தெரியும். ஒப்பந்தத்தை எடுத்து வினைச்சொற்களைப் பாருங்கள். 'வேலை பெற்றுத் தரப்படும்' என்று இருக்கிறதா, 'வேலை பெறுவதற்கு உதவி செய்யப்படும்' என்று இருக்கிறதா? இரண்டாவது வாக்கியத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு நாலு பள்ளிகளின் முகவரி அனுப்பிவிட்டாலே கடமை முடிந்தது. அதற்கு இரண்டு வரி கீழே 'கட்டணம் எந்தச் சூழ்நிலையிலும் திருப்பித் தரப்படாது' என்றும் இருந்தால், நீங்கள் வாங்குவது வேலையை அல்ல என்பது அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது. நேரில் பேசும்போது என்ன வாக்கு கொடுத்தார்கள் என்பது பிறகு கைகொடுக்காது.

முகவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்று புரிந்துகொண்டால் பேரம் எளிது. ஆசிரியர் கிடைக்காமல் திண்டாடும் மொழிப்பள்ளிகள், ஆள் சேர்த்துத் தரும் முகவருக்குத் தாங்களே கமிஷன் கொடுக்கின்றன. இந்தத் துறையில் அதுதான் வழக்கமான ஏற்பாடு. பள்ளியிடமும் வாங்கி உங்களிடமும் வாங்குகிறவர் ஒரே வேலைக்கு இரண்டு தரப்பிலும் கூலி பெறுகிறார். உங்கள் பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டதால், நல்ல பள்ளியாகத் தேடிப் பிடிக்கும் அக்கறையும் அவருக்குக் குறைந்துவிடும். 'பள்ளியிடமிருந்து உங்களுக்குக் கமிஷன் வருகிறதா?' என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். பதில் எழுத்தில் வந்தால் அதுவும் ஓர் ஆவணம்.

பயிற்சியோடு சேர்த்து வேலை என்று விற்கப்படும் தொகுப்புகள் தனியாக யோசிக்க வேண்டியவை. பயிற்சிக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் உண்மையான மாணவர்கள் முன் 6 மணி நேரம் பாடம் நடத்தி மதிப்பீடு பெற வேண்டும். அதற்குக் கொடுக்கும் பணம் கல்விக்கான பணம். 120 மணி நேர இணையவழிச் சான்றிதழ்களையும் பல பள்ளிகள் ஏற்கின்றன. ஆனால் இவை அனைத்தையும் மேற்பார்வையிடும் ஒரே உலகளாவிய அமைப்பு கிடையாது என்பதால் தரம் ஏறி இறங்கும். 'எங்களிடம் படித்தால்தான் வேலை தேடித் தருவோம்' என்று நிபந்தனை போடும்போதுதான் சிக்கல். பிரிட்டனின் 2003-ஆம் ஆண்டு விதிமுறைகள், வேலை தேடித் தரும் சேவைக்கு வேறொரு கட்டணச் சேவையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று இதையே தடுக்கின்றன. மற்ற இடங்களில் நீங்களே இரண்டையும் பிரித்துவிடுங்கள்: படிப்பை ஓரிடத்தில் வாங்கி, வேலையை வேறிடத்தில் தேடுங்கள்.

பணம் கொடுத்தால் தகுதி விதி வளையும் என்று நம்ப வேண்டாம். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக உடன்பாட்டின் கீழ், பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்களுக்குத் துணை ஆசிரியராக ஒரு வழி திறந்திருக்கிறது. இதைத் தவிர வேறு வாசலை எந்த முகவராலும் திறக்க முடியாது.

இதைவிட ஆபத்தானது 'முதலில் சுற்றுலா விசாவில் போய்விடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்ற ஆலோசனை. சீனாவில் 2013-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி, அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான நேர்வுகளில் 5 முதல் 15 நாள் வரை காவல். தகுதியில்லாதவருக்கு வேலை பிடித்துக் கொடுத்த முகவருக்கும் தண்டனை உண்டு. ஆனால் அந்த முகவர் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பார். பிடிபடுவது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்தான். பயிற்சிப் பணி என்று பெயர் சூட்டி வாரம் முழுக்க வகுப்பெடுக்கச் சொன்னாலும் அது வேலையே. விசா எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

முகவரே இல்லாமல் போகும் வழிகளும் இருக்கின்றன. வெளிநாட்டவரைப் பள்ளிகளில் மொழி உதவியாசிரியர்களாகச் சேர்க்க ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்துக்கு அந்நாட்டின் தூதரகங்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை, விமானப் பயணச் செலவும் திட்டத்தையே சேரும். தென்கொரியாவின் எபிக் திட்டம் 1995 முதல் அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைச் சேர்க்கிறது. எந்தெந்த நாட்டினர் விண்ணப்பிக்கலாம் என்ற விதி இரண்டிலும் உண்டு. உங்கள் நாடு அதில் இருந்தால் முகவர் வாசலுக்குப் போகும் முன் இவற்றைப் பாருங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் கட்டணம் பின்வாசல் வழியாக வரலாம். மாதாமாதம் சம்பளத்தில் முகவர் பங்கு என்று பிடிப்பார்கள். ஆறு மாதத்துக்குள் விலகினால் ஆட்சேர்ப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். வேலை பெறுவதற்கோ தக்கவைப்பதற்கோ முதலாளிக்கும் இடைத்தரகருக்கும் தொழிலாளி கொடுக்கும் பணத்தைச் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு 95-ஆம் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. அதை ஏற்ற நாட்டில் வேலை பார்க்கிறீர்கள் என்றால் அங்குள்ள தொழிலாளர் துறையிடம் இந்தப் பிரிவைச் சொல்லியே முறையிடலாம். கடவுச்சீட்டைப் 'பாதுகாப்புக்காக' வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் கொடுக்காதீர்கள். பதிவுக்காகக் கொடுத்தாலும் தேதியுடன் ரசீது கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் உடனே செய்ய வேண்டியது, காகிதங்களைத் திரட்டுவது. ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், விளம்பரத்தின் படம், குறுஞ்செய்திகள், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள் என ஒன்றும் விடாமல் ஒரே கோப்பில் தேதி வரிசையில் வையுங்கள். பிறகு முகவருக்கு எழுத்து மூலமாக, தொகையையும் அது எதற்காக வாங்கப்பட்டது என்பதையும் குறிப்பிட்டு, ஒரு கெடு வைத்துத் திருப்பிக் கேளுங்கள். கெடு தாண்டினால் முகவர் பதிவு செய்திருக்கும் நாட்டில் உரிமம் வழங்கும் துறைக்குப் புகார் போக வேண்டும். உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. கடன் அட்டையில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் தகராறு பதிவு செய்யலாம். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் முகவரின் 'அடுத்த வாரம்' என்ற பதிலுக்காகக் காத்திருக்காமல், திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்பும் அன்றே வங்கிக்கும் எழுதிவிடுங்கள்.