செருப்பு கழன்றதே தெரியவில்லையா? அது வாயு இல்லை

போன வாரம் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தவர் கம்பி கட்டுகிறவர். வயது 38. உள்ளே வரும்போதே வலது பாதம் சளப் சளப்பென்று தரையில் விழுந்தது. குதிகாலில் நிற்கச் சொன்னேன், முன்பாதம் எழும்பவே இல்லை.

"எத்தனை நாளாண்ணே?"

"இடுப்பு வலி மூணு மாசமா இருக்கு சார். வாயுப் பிடிப்புன்னு விட்டுட்டேன். முந்தாநாள் சாரத்துல ஏறும்போது செருப்பு கழண்டு விழுந்துருச்சு, கீழ நின்ன சித்தாள் சொல்லித்தான் தெரிஞ்சுது."

செருப்போடு சாரம் ஏறியதற்கு இன்னொரு நாள் திட்டிக்கொள்கிறேன். அன்றே நரம்பு டாக்டரிடம் அனுப்பினேன். இந்த வருடம் இதே கதையோடு வந்த நாலாவது ஆள் இவர்.

அய்யா, வாயு இருப்பது வயிற்றிலும் குடலிலும். அது முதுகெலும்புக்குள் புகுந்து பிடிக்காது, தொடை வழியே இறங்கிக் கால் கட்டைவிரலை மரத்துப்போக வைக்காது. சோடா குடித்தேன், ஏப்பம் வந்தது, வலி குறைந்தது என்பீர்கள். குடித்துவிட்டு என்ன செய்தீர்கள்? படுத்தீர்கள். அதனால் குறைந்தது. பூண்டு, பெருங்காயம், இஞ்சி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே தணியும். பெயரைச் சோடா தட்டிக்கொண்டு போகும். அப்புறம், காலால் பிறந்தவரைத் தேடிப் பிடித்து முதுகில் உதைக்கச் சொல்வது வேறு. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிற முதுகில்!

"குனியாமல் வேலை பாருங்கள்" என்று எழுதித் தருகிற பிசியோக்கள் (நானும்தான் எழுதியிருக்கிறேன்) ஒரு நாள் தளத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். பலகைமேல் கிடக்கும் கம்பியை நிமிர்ந்து எப்படிக் கட்டுவது? அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கை வைத்து நாலைந்து தடவை பின்னால் வளையுங்கள். மதியத்துக்கு மேல் கம்பி வெட்டுகிற ஆளோடு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு கட்டுகிறவர்களே, மேஸ்திரிகளே, மீதி உங்கள் கையில். கொத்தனாரின் கலவைச் சட்டியையும் செங்கல்லையும் தரையில் வைக்காதீர்கள்; இரண்டு ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் வையுங்கள். செலவு ஒன்றுமில்லை. தனியாள் சுமைக்குக் கட்டிடத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகள் வைத்த வரம்பு ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30. அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) கணக்கில் எல்லாம் தோதாக அமைந்தாலே 23 கிலோதான். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆணுக்குச் சட்டம் விட்டாலும் முதுகு விடாது, இரண்டு பேராகத் தூக்குங்கள்.

வலி காலுக்கு இறங்கினால் அந்த வாரமே வாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பாதம் தூக்க வராவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ என்னிடம் வராதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு. ராத்திரி ரெண்டு மணியானாலும்.