தண்ணீரை அளந்தாயிற்று, குடிப்பவர் யார்?

"பள்ளியில் அறிவியல் பிரிவு எடுக்கவில்லை. சுற்றுச்சூழல் படிக்க முடியுமா?" பல்கலைக்கழகச் சேர்க்கை நேரத்தில் ஆண்டுதோறும் என் அறைக்கு வரும் கேள்வி இது. முடியும். நான் கற்பிக்கும் சுற்றுச்சூழல் சமூகவியல், மாசையும் வெயிலையும் அளப்பதோடு நிற்காமல், அவை யாரை எப்படித் தாக்குகின்றன என்று கேட்கும் துறை. ஆனால் வேதியியலிலிருந்து தப்பிக்கச் சமூகவியல் ஒரு குறுக்குவழி என்று எண்ணி வருபவர்கள் முதல் பருவத்திலேயே திணறுவதையும் பார்க்கிறேன்.

ஒருமுறை முதுகலை மாணவர் ஒருவர் கிணற்று நீரில் நைட்ரேட் அளவைச் சோதித்து ஆய்வேட்டு வரைவைக் கொண்டுவந்தார். வரைபடம், அட்டவணை எல்லாம் கச்சிதம். "எந்தக் கிணற்றுத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி ஊருக்குப் போனார். மிக மோசமான எண் வந்த கிணற்றை ஊரே எப்போதோ கைவிட்டிருந்தது. 'பரவாயில்லை' என்று அவர் தள்ளிவைத்த கிணற்றிலிருந்துதான் வாடகைக் குடித்தனக்காரர்கள் தினமும் இறைத்தார்கள். குழாய் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் மட்டும்தான் கிடைக்குமாம். சோதனை முடிவில் ஓர் எண்கூட மாறவில்லை. ஆய்வேடு மட்டும் தலைகீழாக மாறிவிட்டது.

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையைப் பற்றித்தான். ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 700-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அருகருகே இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை உண்டு, தனியே வாழும் முதியவர்கள் உண்டு, வெயிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப்போல் பத்து மடங்கு. குறைவாக இறந்த பகுதியில் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருந்தன. முதியவர்கள் துணிந்து வெளியே வந்தார்கள். மற்றதில் பாழடைந்த கட்டடங்கள், வன்முறை பற்றிய பயம், சாத்திய கதவுகள். இந்த விளக்கத்தை மறுத்து எழுதிய சமூகவியலாளர்களும் உண்டு. இரு தரப்பையும் படிக்கச் சொல்வேன். மாணவர்கள் சண்டை போடும் வகுப்பு அது.

ஜப்பானின் மினமாட்டாவில் நரம்பைத் தாக்கும் நோய் 1956-இல் கண்டறியப்பட்டது. ஆலைக் கழிவால் கடலில் கலந்த பாதரசம், மீன் வழியே உடலுக்குள் போயிருந்தது. குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959-இலேயே கரிமப் பாதரசத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். இடையில் 9 ஆண்டுகள் ஏன் போயின என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் விடை கிடையாது. ஊரின் பிழைப்பே அந்த ஆலையை நம்பியிருந்தது. நோயில் விழுந்தவர்களில் பலர் மீனவக் குடும்பத்தார். அவர்களை ஊராரே ஒதுக்கினார்கள்.

பொதுவளத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968-இல் எழுதியது இன்னமும் பாடமாக இருக்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களிலும் ஸ்பெயினின் பாசன வாய்க்கால்களிலும் மக்களே விதி வகுத்து, மீறியவரிடம் அபராதம் வாங்கி, நூற்றாண்டுக்கணக்கில் காத்துவந்ததை அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டினார். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கெல்லாம் புள்ளியியல் வேண்டும், கேள்வித்தாள் அமைக்கத் தெரிய வேண்டும், பேசாதவரிடம் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். வாசலில் நின்று பேசுபவரோடு பேட்டியை முடித்துக்கொண்டால், உள்ளே தண்ணீர் சுமப்பவரின் கணக்கு விட்டுப்போகும்.

ஒரு திட்டத்தால் அங்குள்ள மக்களுக்கு என்ன ஆகும் என்று மதிப்பிடும் சமூகத் தாக்க அறிக்கைகள் சில என்னிடம் கருத்துக்கு வரும். நான் முதலில் புரட்டுவது 'பாதிக்கப்படும் குடும்பங்கள்' என்ற பக்கத்தை. பட்டா வைத்திருப்பவர்களை மட்டும் எண்ணியிருந்தால், குத்தகைக்காரரும் கூலிக்காரரும் ஆடு மேய்ப்பவரும் அந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். இத்தகைய அறிக்கை தயாரிக்கும் வேலைக்குப் போன என் பழைய மாணவி ஒருவர், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பெயர் இல்லாத வீடுகளுக்கே முதலில் போகிறார்.