பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

கண்டியில் பல மாதம் பூட்டிக் கிடந்த பழைய வீட்டைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது பூஞ்சண வாடை. ஆள் புழங்காவிட்டால் வீடு அப்படியே இருக்கும் என்று நினைத்துத்தான் பூட்டுகிறோம். மலைநாட்டுக் காற்றில் அந்தக் கணக்குச் சரிவராது.

1918 இல் கண்டியில் பிறந்தவர் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா. 1948 இல், பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீடு 1951 இல் முடிந்தது. நாரில் நெய்த தும்பறைப் பாய் பதித்த கதவு, அரக்கு வேலை, சுடுமண் ஓடு, ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியம் என்று ஊர்க் கைவினையை வீட்டின் உறுப்பாகவே ஆக்கிவிட்டார். அருமையான யோசனைதான், பாதுகாக்க வருபவருக்கோ தலைவலி. அலுமாரியில் உள்ள பாயை எடுத்துப்போய் உலர்ந்த அறையில் வைக்கலாம். கதவோடு கதவாக இருக்கும் பாயை எங்கே கொண்டுபோவது? இப்படிப்பட்ட வீட்டில் காற்றைத்தான் பராமரிக்க வேண்டும்.

25 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். சாரீரப்பதன், அதாவது தாங்கக்கூடிய அளவில் உண்மையில் இருக்கும் பங்கு, 80 சதவீதம் என்றால் அதில் 18 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. அதே காற்று 21 பாகையில் இருக்கும் சுவரைத் தொட்டால் அந்த 18 கிராமே அதற்கு அதிகம். நீராவி நீராகப் படியும் பனிபடுநிலை வந்துவிடுகிறது, சுவர் வியர்க்கிறது. மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்ணோடு ஒட்டிய பின்சுவர் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். அலுமாரிக்குப் பின்னால், படத்துக்குப் பின்னால் காற்று ஓடாது. அங்கே சாரீரப்பதன் 75ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் முளைக்கும்.

சுவருக்குள் இன்னொரு வேலை நடக்கிறது. நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மேலே ஏறும். சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் அதிகம். ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். சாந்து உதிர்கிறதே என்று மேசன் பாஸ் ஒருவர் நல்ல மனதோடு சீமெந்து பூசிவிட்டால் வழி அடைபடுகிறது. ஈரம் சீமெந்துக்கு மேலே இன்னும் ஓரடி ஏறி அங்கே வெளிவரும். அதில் கரைந்து வந்த உப்பு காயும்போது படிகமாகப் பெருத்து, மேற்பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். அந்த இடத்தில் ஓவியம் இருந்தால் நிறம் செதில் செதிலாகக் கழன்று விழும். துடைத்துச் சரிசெய்யக்கூடிய சேதமல்ல அது.

எங்கள் தோட்டத்து லயத்தில் தீபாவளிக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். புதுச் சுண்ணாம்பின் காரத்தைக் காட்டும் பீ.எச். அளவு 12க்கு மேல், அதில் பூஞ்சணம் பிழைக்காது. மாதங்கள் போகப்போக அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் கல்சியம் காபனேற்றாகி, காரம் தணிந்துவிடுகிறது. அதனால் அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். பிறகு எமல்ஷன் பெயின்ட் வந்தது. அடுத்த மழைக்கே கொப்புளித்து, பாம்புச் சட்டைபோல் உரிந்தது.

அப்படியானால் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தால் போதுமா? மழை விட்டதும் வரும் வெக்கைக் காற்றை உள்ளே விட்டால் அது நேரே குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். வெயில் வேறு சிக்கல். தும்பறைப் பாயின் நாருக்கு மரபாக ஏற்றுவது தாவரச் சாயம். சாயமேற்றிய நெசவுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக அனுமதிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ். நண்பகல் நேர்வெயில் சுமார் 100,000 லக்ஸ். ஒரு மணி நேரம் வெயில் விழுந்தால், நாளுக்கு 8 மணி நேர வீதம் 250 நாள் காட்சிக்கு வைத்ததற்குச் சமம். காற்று வேண்டும், வெயில் கூடாது. பழைய பங்களாக்களின் சாய்பலகை ஜன்னல் இரண்டுக்கும் வழி செய்கிறது. அதைக் கழற்றிக் கண்ணாடி போடுபவர்களை என்ன சொல்வது!

அரக்கு வேலையைப் பற்றி ஒன்று. பூச்சி சுரக்கும் பிசின் அது, மதுசாரத்தில் கரையும். கைப்பிடிக் கிராதி பிசுபிசுக்கிறது என்று ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால், அழுக்கோடு சிவப்பும் துணிக்கு வந்துவிடும். மெல்லிய காய்ந்த துணியே போதும்.