எஞ்சினுக்கு விலை கேட்டுவிட்டுக் காரை வாங்காதீர்கள்

"எஞ்சின் க்ரைஸ்லர்தானே, பாகம் எங்கேயும் கிடைக்கும்!" அமெரிக்கக் கம்பெனி எஞ்சின் என்ற இந்த ஒரு நம்பிக்கையில் வாங்கப்பட்டு, பாதி அறுத்தபடி பட்டறை மூலையில் நிற்கும் பழைய ஐரோப்பியக் கார்கள் கூடிக்கொண்டே போகின்றன.

சுவிட்சர்லாந்தில் பீட்டர் மான்டெவெர்டி 1967-இல் கொண்டுவந்த ஹை ஸ்பீட் 375-ஐயே பாருங்கள். உள்ளே இருப்பது டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி-யில் வந்த அதே க்ரைஸ்லர் 440 கன அங்குல எஞ்சின், அதாவது 7.2 லிட்டர் வி8. கேஸ்கெட், பிஸ்டன், வாட்டர் பம்ப் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கும். உண்மைதான். ஆனால் அந்தக் காரில் மலிவானது அது மட்டும்தான். பாடி இத்தாலியில் ஃப்ரூவா பட்டறையும் பிறகு ஃபிஸ்ஸோரே பட்டறையும் கையால் தட்டி எடுத்தது. ஒரு காரின் கதவு இன்னொன்றில் அப்படியே உட்காராது. இடது ஃபெண்டரை அளந்து வலதை அடித்தால்கூடச் சில மில்லிமீட்டர் இடிக்கும். முன்கண்ணாடிக்கும் குரோம் பட்டைக்கும் சார்ஜர் பாகம் எதற்கும் உதவாது. ஜென்சன் இன்டர்செப்டர், ஈசோ க்ரிஃபோ போன்ற, அமெரிக்க எஞ்சின் வைத்த மற்ற ஐரோப்பியக் கார்களை வாங்குபவர்களுக்கும் இதே கணக்குதான். முதலில் கண்ணாடிக்கும் தகரத்துக்கும் விலை கேளுங்கள், எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்.

வாங்கும் முன் பாடியில் காந்தம் வைத்துப் பார்ப்பீர்கள். அது ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைத்த பட்டி என்று முடிவுகட்டாதீர்கள். தகடுகள் சேரும் இடத்தில் அந்தக் காலத்தில் ஈயம் உருக்கி நிரப்புவார்கள். ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. கதவுக்குக் கீழேயும் சக்கர வளைவின் விளிம்பிலும் ஒட்டவில்லையென்றால்தான் பயப்பட வேண்டும். பெயின்ட் கனத்தை அளக்கும் கேஜ் அங்கே 1000 மைக்ரானைத் தாண்டினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

ஈயத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும். அரத்தால் அராவுங்கள், மாஸ்க் கட்டாயம். புதிதாக ஈயம் பூசினால், ஈயம் பிடிக்கத் தடவும் அமில ஃபிளக்ஸை சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு நல்ல தண்ணீரிலும் கழுவுங்கள். அமிலம் தங்கினால் சில மாதத்தில் பெயின்ட் கொப்பளிக்கும்.

எஞ்சினுக்கு இரண்டே வார்த்தை: துத்தநாகம் குறைந்த இக்கால ஆயில் ஊற்றினால், வால்வைத் திறக்கும் கேம் தேயும். டார்க்ஃப்ளைட் என்ற க்ரைஸ்லர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் அளவை எஞ்சின் சூடாக ஓடும்போது நியூட்ரலில் வைத்துப் பாருங்கள், பார்க்கில் அல்ல.

கதவுக்கு அடியில் துருத்தகட்டை அறுக்கும் முன் கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அளந்து எழுதி, பாடி வளையாமலிருக்கக் கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் பற்றவையுங்கள். இல்லையேல் கதவு திரும்ப மூடாது.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்கிறேன். அறுத்தெடுத்த துருத்தகட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். புதுத்தகடு அடிப்பவருக்கு அளவு பார்க்க உலகத்தில் இருக்கும் ஒரே மாதிரித்தகடு அதுதான்.