காலில்லாத மேசையைச் சுவர் எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிற சின்ன மேசைகள் இப்போது நிறைய வீடுகளில் வந்துவிட்டன. கால் இல்லாததால் கீழே பெருக்கித் துடைக்க வசதி. மாட்டும்போது தச்சரிடம் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான். அந்த எடை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காரப்போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட மேசை நேராகக் கீழே இறங்கி விழுவது அபூர்வம். வீட்டுச் சாமான் எடைக்கு இரும்பு ஸ்க்ரூ குறுக்கே அறுந்துபோகாது. முதுகுப்பலகை சுவரோடு இறுகி இருப்பதால் உராய்வும் கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஆபத்து வேறு திசையில் வருகிறது. பலகையின் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேல் பகுதி வெளியே சாயப் பார்க்கும். கடப்பாரை போட்டு ஆணியை நெம்புவதுபோல, மேல் வரிசை ஸ்க்ரூவை மேசையே பிடுங்கும்.

ஒரு கணக்குப் போடலாம். மேசையின் ஆழம் 30 செ.மீ. சாமானோடு சேர்த்து எடை 10 கிலோ. அது நடுவில், அதாவது சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. பலகையின் கீழ் விளிம்பிலிருந்து மேல் ஸ்க்ரூ 10 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதன் மேல் விழும் இழுப்பு 10 × 15 ÷ 10, அதாவது 15 கிலோ. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் முன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டால் இன்னும் 180 கிலோ சேர்ந்துகொள்கிறது! அதே மேல் ஸ்க்ரூவை 20 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினால் மொத்த இழுப்பும் சரிபாதியாகக் குறையும். தடித்த ஸ்க்ரூ தேடுவதைவிட, உயரமான முதுகுப்பலகை கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, ஸ்க்ரூவைச் சுவர் எப்படிப் பிடிக்கிறது? இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911 வாக்கில் சணல் நாரால் ஒரு பிளக், அதாவது ஸ்க்ரூவுக்காகச் சுவர்த் துளையில் செருகும் உறை, செய்தார். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் கொண்டுவந்தார். தத்துவம் ஒன்றே: ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து, துளையின் பக்கங்களை அழுத்தும், அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் பிடி. அதனால் துளை ஒரு நூல் பெரிதானாலும், உள்ளே தூசி தங்கினாலும் பிடி தளரும். 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. டிரில் பிட்தான். போட்ட துளையை ஊதிச் சுத்தம் செய்வதும் வேலையில் சேர்த்திதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பூச்சு. செங்கல் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சு 12 முதல் 15 மி.மீ. வரை இருக்கும். 18 மி.மீ. பிளைவுட்டில் 35 மி.மீ. ஸ்க்ரூ போட்டால், சுவருக்குள் போவது 17 மி.மீ. மட்டுமே. பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். பாரம் ஏறினால் பூச்சு சில்லாகப் பெயர்ந்து வரும். பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டி உட்கார வேண்டும். பலகை, பூச்சு, 40 மி.மீ. பிளக் எல்லாம் சேர்த்தால் 75 மி.மீ. ஸ்க்ரூ தேவை.

எந்தச் சுவர் என்பதை டிரில் தூளே காட்டிக்கொடுக்கும். சிவப்பாக வந்தால் செங்கல். கெட்டியாக எதிர்த்துச் சாம்பல் தூளாக வந்தால் கான்கிரீட். டிரில் தட்டித் தட்டித் துளைக்கும் ஹேமர் மோடு இல்லாமலே பிட் வழுக்கிக்கொண்டு போய், வெளிறிய மாவாகக் கொட்டினால் அது ஏஏசி பிளாக் எனும் லேசான கான்கிரீட் கல். அதில் பெரும்பகுதி காற்றுக் குமிழ்கள்தான். சாதாரண பிளக் விரியும்போது குமிழ்கள் நொறுங்கிப்போகும், பிடி கிடைக்காது. அதற்கென்றே சுருள் இறகு வைத்த பிளக்குகள் விற்கிறார்கள். ஹேமர் மோடை அணைத்துவிட்டுத் துளைக்க வேண்டும். உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக்கில் பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழும். அங்கே உள்ளே போய் இறக்கை விரிக்கும் டாகிள் போல்ட் நல்லது.

கட்டில் பக்கம் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ஒரு சுவிட்ச் பாக்ஸ் இருக்கும். பூச்சுக்குள் மறைந்திருக்கும் ஒயர் பைப் வழக்கமாக அதற்கு நேர் மேலேயோ கீழேயோ, சில வீடுகளில் பக்கவாட்டிலோ ஓடும். அந்தக் கோடுகளை விட்டுத் தள்ளியே துளை போடுங்கள், மெயினை அணைத்துவிட்டு. டிரில்லுக்கு பேட்டரியில் ஓடுவதை வைத்துக்கொண்டால் போதும்.