ரொமான்டஸிக்குத் தமிழில் என்ன?

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் ஓரமாக இரண்டு அலமாரி புத்தகம் இருக்கிறது, வாடகைக்குக் கொடுப்பதற்கு. எடுத்துப் போகிறவர்கள் ஒரு நோட்டில் தேதி, பெயர், புத்தகம், வகை என்று நாலு கட்டம் நிரப்ப வேண்டும். போன மாதம் பள்ளங்கியிலிருந்து வரும் ஒரு பிளஸ் டூ மாணவி, 'வகை' கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, "அக்கா, ரொமான்டஸிக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். காதல் கற்பனை என்று எழுதிக்கோ என்றேன். அவள் எழுதவில்லை. "அப்படி எழுதினா காதலே கற்பனைன்னு ஆயிடுதே அக்கா." அவள் சொன்னது சரிதான். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை, அதனால் தேடிப் படித்ததையும் யோசித்ததையும் எழுதிவைக்கிறேன்.

முதலில் பொருள். ரொமான்ஸ், ஃபேண்டஸி என்ற இரண்டு சொற்களையும் வெட்டி ஒட்டியதுதான் ரொமான்டஸி. மந்திரமும் டிராகனும் அரியணைச் சண்டையும் உள்ள ஓர் உலகம், அதன் நடுவில் ஒரு காதல், இரண்டும் கதையில் சரிபாதி. 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லுக்காகத் தேர்ந்தெடுத்த ஆறு சொற்களில் இதுவும் ஒன்று. சொல்லைப் பரப்பியது டிக்டாக்கில் புத்தகங்களைப் பற்றிப் பேசும் கூட்டம். இந்தியாவில் டிக்டாக்கை 2020 ஜூனிலேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வழியாக அந்த அலை மலையேறி எங்கள் கடைக்கும் வந்துவிட்டது. தாள் ஓரங்களில் வண்ணமடித்து, படம் வரைந்து வரும் தடித்த பதிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை இந்த வகைதான்.

சொல்லின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் சுவை தெரியும்.

ரொமான்ஸ் என்றால் தொடக்கத்தில் காதல் இல்லை. லத்தீனில் ரோமானிகே என்றால் 'ரோமானியர் வழக்கப்படி' என்று பொருள். அது பழைய பிரெஞ்சில் ரொமான்ஸ் ஆனபோது, படித்தவர்களின் லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசும் மொழியில் எழுதியது என்ற பொருளுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தப் பேச்சுமொழியில் குதிரைவீரர்களின் கதைகள் நிறைய எழுந்தன, மொழியின் பெயரே கதைக்கும் பெயரானது, அந்தக் கதைகளில் வீரனுக்கு ஒரு காதலி இருந்ததால் மெல்ல மெல்லப் பெயர் காதலின் பக்கம் சாய்ந்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்றும் நாவலுக்கு ரோமான் என்றுதான் பெயர். வீட்டில் பேசும் மொழியில் சொன்ன கதை என்பதுதான் இதன் அடி. எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகள் இந்த வகையை முழுக்க முழுக்க ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது இந்த வரலாறு எனக்கு உறுத்துகிறது.

ஃபேண்டஸி கிரேக்கத்திலிருந்து வருகிறது. ஃபான்டாசியா என்றால் தோற்றம், மனத்தில் தெரியும் காட்சி. காட்டுதல், கண்ணுக்குப் புலப்படச் செய்தல் என்ற வினையின் வழியில் பிறந்த சொல். ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலில் அரிஸ்டாட்டில், ஒளி இல்லாமல் எதையும் காண முடியாது, அதனால் ஒளியைக் குறிக்கும் ஃபாவோஸ் என்ற சொல்லிலிருந்தே இந்தப் பெயர் வந்தது என்கிறார். ஃபேண்டஸி என்பதை ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னதுதான் ஃபேன்ஸி. நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் வளையலும் பொட்டும் விற்கிறார்களே, அந்த ஃபேன்ஸியேதான்! தமிழிலும் இதே மாதிரி ஒரு பாதை இருக்கிறது. 'புனை' என்றால் அழகுபடுத்து, வண்ணம் தீட்டு, தொடு, இயற்று. நெடுநல்வாடையில் வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் 'புனையா ஓவியம்' என்று சொல்கிறார்கள். புனைதல் என்றால் பொய் சொல்லுதல் என்று இன்றைக்கு வழக்குமன்றப் பேச்சில் தேய்ந்துவிட்டது, ஆனால் சொல்லின் உள்ளே இருப்பது ஓவியம். ஏற்கெனவே இருக்கும் ஒரு கோட்டுக்கு நிறம் கொடுப்பது.

ஃபான்டாசியா என்றால் எனக்குக் கோக்கர்ஸ் வாக்தான் ஞாபகம் வரும். 1872-ல் மலை விளிம்பில் போட்ட நடைபாதை அது. சில காலை வேளைகளில் கீழே பள்ளத்தில் மஞ்சு நிறைந்து, சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால், நம் நிழல் பெரிதாக அந்த மேகத்தின்மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையத்தோடு. கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். பார்க்க அமானுஷ்யமாக இருந்தாலும் அது நம் நிழல். இங்கே நாம் நிற்காவிட்டால் அங்கே அது இல்லை. நல்ல ஃபேண்டஸியில் வரும் தேவதையும் அரக்கனும் சாபமும் இப்படித்தான், படிக்கிற பெண்ணின் சொந்தப் பயமோ ஆசையோ பெரிய அளவில் மேகத்தில் விழுந்து தெரிகிறது. அவள் கையைத் தூக்கினால் அதுவும் தூக்க வேண்டும். நிழல் அசையாத புத்தகங்களைப் பிள்ளைகள் நாற்பதாம் பக்கத்திலேயே திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

சரி, ஏன் சில புத்தகம் கையைவிட்டு இறங்குவதில்லை, சில புத்தகம் பாதியில் நிற்கிறது? இந்தச் சொல்லின் உள்ளேயே காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரொமான்ஸ் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது, ஃபேண்டஸி வேறொரு வாக்குக் கொடுக்கிறது. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் தன் வகைக்கு வைத்திருக்கும் வரையறையில் இரண்டே விஷயம்: நடுவில் ஒரு காதல் கதை, மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு. அதாவது, எவ்வளவு அழவைத்தாலும் கடைசியில் சேர்த்துவைப்பேன் என்பது வாக்கு. ஃபேண்டஸியின் வாக்கு இதற்கு எதிர்த் திசை. மந்திரத்துக்கு விலை உண்டு, உலகத்தைக் காப்பாற்ற எதையாவது இழந்தே ஆகவேண்டும், முதல் அத்தியாயத்தில் போட்ட விதி கடைசி அத்தியாயத்திலும் செல்லும். இரண்டு வாக்கையும் ஒரே கதைக்குள் காப்பாற்றுவது கஷ்டம். இந்த வகையில் ஏமாற்றங்கள் அதிகமும் கடைசி ஐம்பது பக்கத்தில் நடப்பது அதனால்தான். செத்துப்போன காதலன் ஒரு காரணமும் இல்லாமல் எழுந்து உட்காருகிறான், நானூறு பக்கம் யாராலும் முறிக்க முடியாத சாபம் ஒரு முத்தத்தில் முறிகிறது, காதல் வாக்கு பிழைத்தது ஆனால் உலகம் செத்தது. சில எழுத்தாளர்கள் மாற்றிச் செய்கிறார்கள், அதிர்ச்சிக்காகவே ஒருவரைக் கொன்று முடிக்கிறார்கள். அப்போது வாசகி ஏமாந்ததாக உணர்வதில் தப்பே இல்லை. அவள் வேறு ஒப்பந்தத்தில் அல்லவா கையெழுத்துப் போட்டாள். கெட்டிக்கார எழுத்தாளர் என்ன செய்கிறார் என்றால், மந்திரத்துக்குக் கொடுக்கும் விலையையே காதலின் சோதனையாக்கிவிடுகிறார். குரலை இழந்தால்தான் கதவு திறக்கும் என்பது உலகத்தின் விதி, பேச்சாலேயே அவளை நேசிக்கத் தொடங்கியவன் பேசாத அவளை என்ன செய்வான் என்பது காதலின் கேள்வி. இப்படி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் எதையும் கழற்ற முடியாது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரே சோதனை இந்தக் கழற்றுதல்தான். மந்திரத்தை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பார். கல்லூரி விடுதியில் நடந்தாலும் அதே கதை என்றால் அங்கே டிராகன் வெறும் திரைச்சீலை. காதலை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார். போர் அதேபோல் நடந்து அதேபோல் முடிந்தால் காதல் வெறும் இடைவேளை.

இதைச் சொல்லும்போது திணை ஞாபகத்துக்கு வராமல் இருக்க முடியாது, அதுவும் குறிஞ்சி நிலத்தில் கடை வைத்துக்கொண்டு. முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் பிரித்ததை உலகப் படைப்புக்கான வழிகாட்டியாகவே படிக்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், விலங்கு, உணவு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனத்தில் நடப்பது உரிப்பொருள். குறிஞ்சிக்கு மலை, கூதிரும் முன்பனியும், யாமம், முருகன், தினை, யானை, புலி, தேன், அப்புறம் புணர்தல். இதில் யானை அலங்காரத்துக்கு வருவதில்லை. இரவுக்குறியில் அவளைப் பார்க்க அவன் நள்ளிரவில் மலைவழியே வருகிறான், வழியில் யானையும் புலியும் காட்டாறும் உண்டு, அவனைப் பார்க்கும் ஆசையைவிட அவன் வரும் வழியை நினைத்த பயம் பெரிதாகி, தோழி 'இப்படி வராதே, மணந்துகொள்' என்று சொல்ல வேண்டி வருகிறது. உலகம்தான் காதலை நகர்த்துகிறது. இரவு எட்டு மணி பேருந்தில் இறங்கி, பனிமூட்டத்தில், காட்டுமாடு நிற்குமோ என்று டார்ச் அடித்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கும் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இதை விளக்கவே வேண்டாம். அகப்பாட்டு எதனால் ஆனது என்பதற்கு 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று தொல்காப்பியம் சொல்லும் இரண்டு வழக்கும் ரொமான்டஸிக்கு அப்படியே பொருந்துகிறது. புனைந்த சூழல், ஆனால் நடக்கிற மனசு.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம், ட்ரோப், அதாவது கதைக்குக் கதை திரும்பத் திரும்ப வரும் சூழல். பகைவர்கள் காதலர்களாவது, ஒரே அறையில் ஒரே கட்டில், பொய்க் கல்யாணம் மெய்யாவது என்று வாசகர்கள் இப்போது ட்ரோப்பைச் சொல்லித்தான் புத்தகம் கேட்கிறார்கள். கிரேக்கத்தில் ட்ரோபோஸ் என்றால் திருப்பம். இதற்குத் தமிழில் தேட வேண்டியதே இல்லை, துறை. குறுந்தொகைப் பாட்டுகளின் அடியில் யார் எந்தச் சூழலில் யாருக்குச் சொன்னது என்று போட்டிருக்குமே, அதுதான். நானூறு பாட்டில் ஒரே துறை எத்தனையோ முறை வருகிறது. யாருக்கும் சலிக்கவில்லை, ஏனென்றால் துறை என்பது ஆற்றில் இறங்கும் படித்துறை, குளிப்பவர் ஆள் வேறு, அன்றைய தண்ணீர் வேறு. ட்ரோப்புகளைப் பட்டியல் போட்டு அவற்றை நிரப்புவதற்காகவே எழுதிய புத்தகம் படித்துறையைக் கட்டிவிட்டு ஆற்றை மறந்த மாதிரி இருக்கிறது. பகைவர்கள் காதலர்களாவார்கள் என்கிறார்கள், ஆனால் அந்தப் பகைக்கு ஒரு காரணமும் இருக்காது, முதல் சந்திப்பில் முறைத்துக்கொள்வார்கள், மூன்றாம் அத்தியாயத்தில் அவன் கண்ணின் நிறத்தைப் பற்றி ஒரு பக்கம் வரும். நீறு பூத்த நெருப்பாக இருக்க வேண்டியது முதல் ஊதலிலேயே எரிந்து முடிகிறது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஒன்று உண்டு. கதாநாயகி பெரிய சக்தி படைத்தவள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆபத்து வந்தால் ஒவ்வொரு தடவையும் அவன்தான் வந்து தூக்குவான். அவளைப் பின்தொடர்வது, பூட்டிவைப்பது, யாரோடு பேசலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அவன் அன்பின் ஆழம் என்று எழுதியிருக்கும். பதினாறு வயதில் படிப்பது மனசில் தங்கும். அப்படிப்பட்ட புத்தகத்தை நான் மறைத்துவைப்பதில்லை, கொடுக்கும்போதே 'இவன் செய்வதில் எது உனக்குப் பிடிக்கலைன்னு வந்து சொல்லு' என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். வந்து சொல்கிறார்கள், நிறையவே சொல்கிறார்கள்.

வயது என்றதும் யங் அடல்ட் என்ற பெயரும் வருகிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தில் 1957-லேயே இந்தப் பெயரில் தனிப் பிரிவு உண்டு, பொதுவாக 12 முதல் 18 வயது. 2009-ல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் அதற்கு மேல் வயதுக்கு நியூ அடல்ட் என்ற பெயரைக் கொண்டுவந்தது. ரொமான்டஸி இரண்டு அலமாரியிலும் கால் வைத்து நிற்கிறது, அட்டையைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது, படித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தமிழில் இளையோர் நாவல் என்பது போதும். நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்து 14 முதல் 19 வரை மடந்தை என்கின்றன, கிட்டத்தட்ட அதே வயது, ஆனால் அந்தச் சொல்லை இன்று அலமாரியில் எழுத எனக்கு மனமில்லை.

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்வி. ஃபேண்டஸிக்கு மிகுபுனைவு என்று சிற்றிதழ்ப் பக்கம் எழுதுகிறார்கள், இணையத்தில் கனவுருப்புனைவு என்றும் பார்க்கலாம். மிகுபுனைவில் அளவுக்கு மிஞ்சியது என்ற சாயல் இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. கனவுரு அழகான சொல், வாயில் நுழைய நேரமாகிறது. மாயக்காதல் என்று வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். மாயம் என்றால் பழந்தமிழில் வஞ்சனையும்தான், மாயக்காதல் என்றால் பொய்க்காதல் ஆகிவிடும். விந்தை எனக்குப் பிடித்திருக்கிறது. வியப்பு என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும், அகராதியைப் புரட்டினால் கொற்றவைக்கும் விந்தை என்று ஒரு பெயர். வாள் ஏந்திய பெண்கள் நிறைந்த கதைகளுக்கு அது கூடுதலாகப் பொருந்துகிறது.

அப்படியென்றால் விந்தைக்காதல்? இங்கேதான் இலக்கணம் கைகொடுத்தது. நடுவில் க் வந்தால் அது விந்தையான காதல் ஆகிவிடுகிறது, விந்தை அடைமொழியாகச் சுருங்கி காதல் மட்டும் தலையாகிறது. நமக்கு வேண்டியது காதலும் விந்தையும், அதாவது உம்மைத்தொகை. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது, வெற்றிலைபாக்கு என்றுதான் எழுத வேண்டும், வெற்றிலைப்பாக்கு தப்பு. வெற்றிலைபாக்கு நல்ல உதாரணம்கூட, தனித்தனியாக மென்றால் வராத சிவப்பு சேர்த்து மென்றால்தானே வருகிறது. விந்தைகாதல் என்று எழுதினால் ஒற்று விட்டுப்போச்சு என்று பத்துப் பேர் திருத்துவார்கள், அதனால் மாற்றிப் போட்டேன்: காதல்விந்தை. காதலும் விந்தையும். காதல்விந்தை நாவல், காதல்விந்தைக் கதை என்று நீட்டவும் வருகிறது.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது சொன்னேன். இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள். அப்புறம் இருவருமாக உட்கார்ந்து அந்த வரிசையில் இருந்த பதினாலு புத்தகத்தையும் கழற்றிப் பார்த்தோம். ஐந்து, மந்திரத்தை எடுத்தும் அசையவில்லை, அவை காதல் வரிசைக்குப் போயின. மூன்று விந்தைக்கு. ஐந்து காதல்விந்தையில் நின்றன. மிச்சமிருந்த ஒன்றில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை, இன்னொரு தடவை படித்துவிட்டு வருகிறேன் அக்கா என்று எடுத்துப் போயிருக்கிறாள், வகைக் கட்டம் காலியாக இருக்கிறது.