வகுப்பறைக்குத் தொடுதிரை வாங்க அரசு தரும் பங்குப் பணம்: ரூசா, பி.எம்-உஷா எப்படி வேலை செய்கின்றன?

மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் கடந்த சில ஆண்டுகளில் வந்த ஸ்மார்ட் வகுப்பறைகளில் கணிசமானவை ரூசா பணத்தில் வந்தவை. ராஷ்ட்ரிய உச்சதர் சிக்ஷா அபியான், அதாவது தேசிய உயர்கல்வி இயக்கம், என்ற இந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2013 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. 2023இல் இதையே பி.எம்-உஷா (பிரதான் மந்திரி உச்சதர் சிக்ஷா அபியான்) என்று மாற்றி அமைத்தார்கள். 2023-24 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒதுக்கியது 12,926.10 கோடி ரூபாய்.

பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். மத்திய அரசு முழுப் பணத்தையும் தராது. மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களுக்கு இது 60:40; மத்திய அரசு 60, மாநிலம் 40. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலைப் பகுதி மாநிலங்களுக்கும் 90:10. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கு முழுத் தொகையும் மத்திய அரசே கொடுக்கும். அரசு உதவி பெறும் தனியார் கல்லூரிகளுக்கு 2013இல் சொன்ன கணக்கு வேறு: அனுமதித்த பணிகளுக்கு மட்டும், 50:50 என்ற விகிதத்தில்.

கையில் எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு கணக்கு. ரூசாவில் ஒரு கல்லூரிக்கான உட்கட்டமைப்பு மானியம் 2 கோடி ரூபாய். 60:40 கணக்கில் இதில் மத்திய பங்கு 1.20 கோடி, மாநிலப் பங்கு 80 லட்சம். ஆனால் 2 கோடியையும் கணினிக்கும் திரைக்கும் செலவழிக்க முடியாது. புதிய கட்டுமானத்துக்கு 35 சதவீதம், இருக்கிற கட்டடத்தைப் புதுப்பிக்க 35 சதவீதம், கருவிகளுக்கும் வசதிகளுக்கும் 30 சதவீதம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஆக, வகுப்பறைத் தொழில்நுட்பம், ஆய்வகக் கருவி, இன்ன பிற எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 லட்சம்தான். இந்த 60 லட்சத்துக்குத்தான் துறைகளுக்கு இடையே போட்டி வரும். இயற்பியல் துறைக்கு ஒரு கருவி வேண்டும், தமிழ்த் துறைக்கு ஒரு கணினி அறை வேண்டும், முதல்வருக்குக் கருத்தரங்கக் கூடத்தில் நல்ல ஒலிபெருக்கி வேண்டும்.

பி.எம்-உஷாவில் தொகை கூடியது. கல்லூரிகளை வலுப்படுத்த 5 கோடி வரை, பல்கலைக்கழகங்களை வலுப்படுத்த 20 கோடி வரை, பல்துறைக் கல்வி, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களாகத் தேர்வாகும் 35 நிறுவனங்களுக்குத் தலா 100 கோடி. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் மாநிலம் முதலில் கையெழுத்திட வேண்டும். பல மாநிலங்கள் இதற்கு ஆட்சேபம் தெரிவித்தன. 40 சதவீதத்தைத் தன் பையிலிருந்து போடும் மாநிலத்துக்கு நிபந்தனையைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு என்பதே என் கருத்து. ஒப்பந்தம் இழுபடும் மாதங்களில் காத்திருப்பது கல்லூரிகள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் ஆசிரியரோ துறைத் தலைவரோ தனியாகப் போடுவதல்ல. கல்லூரி முதலில் நிறுவன வளர்ச்சித் திட்டம் ஒன்றை எழுதும். மாநிலம் அவற்றைச் சேர்த்துத் தன் உயர்கல்வித் திட்டமாக மத்திய கல்வி அமைச்சகத்துக்கு அனுப்பும். அங்கே திட்ட ஒப்புதல் வாரியம் முடிவு செய்யும். கல்லூரிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டத்தின் 2(எஃப்), மத்திய மானியத்துக்குத் தகுதி தரும் 12(பி) ஆகிய பிரிவுகளின் அங்கீகாரம் இருக்கிறதா, கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்று என்ன என்றெல்லாம் பார்ப்பார்கள். எனவே உங்கள் துறைக்கு ஒரு திரை வேண்டுமென்றால், அந்த வளர்ச்சித் திட்டம் எழுதும் கட்டத்திலேயே பட்டியலில் ஏற்றியாக வேண்டும். ஒப்புதல் வந்த பிறகு ‘எங்களுக்கும் ஒன்று’ என்று கேட்டால் நடக்காது.

பட்டியல் போடும்போது பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தொடுதிரை, புரொஜெக்டர், யு.பி.எஸ்., ஒலிபெருக்கி ஆகியவை கருவிகள் தலைப்பில் வரும். அவை ஓடத் தேவையான வயரிங், 15 ஆம்பியர் பிளக் பாயின்ட், எர்த்திங், ஜன்னலுக்குத் திரைச்சீலை, நீர்க் கசிவு இல்லாத கூரை எல்லாம் புதுப்பித்தல் தலைப்பில் வர வேண்டியவை. ஒன்றைக் கேட்டு மற்றொன்றைக் கேட்காமல் விட்டால், கருவி வந்து பெட்டியோடு துறைத் தலைவர் அறையில் உட்கார்ந்துவிடும். கிழக்குப் பார்த்த வகுப்பறையில் காலை பத்து மணி வெயில் நேரே சுவரில் விழும்போது, புரொஜெக்டரில் போட்ட வரைபடத்தின் கோடுகள் கடைசி பெஞ்சுக்கு மட்டுமல்ல, முதல் பெஞ்சுக்கே தெரியாது. அந்த அறைக்கு விலை கூடினாலும் தொடுதிரைதான் சரி. இல்லையென்றால் முதலில் திரைச்சீலை.

இன்னொன்று: இது மூலதன மானியம். வாங்கித் தரும், பராமரித்துத் தராது. மூன்று வருடம் கழித்துப் போர்டு பழுதானால், மாதாமாதம் இணையக் கட்டணம் கட்ட வேண்டுமென்றால், அதெல்லாம் கல்லூரியின் சொந்தப் பணம். இதற்கு வழி ஒப்பந்தப்புள்ளி கேட்கும் நாளிலேயே இருக்கிறது. உத்தரவாதக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். பழுதென்று சொன்னால் எத்தனை நாளில் ஆள் வர வேண்டும், ஆசிரியர்களுக்கு எத்தனை முறை பயிற்சி என்பதையும் நிபந்தனையாகவே எழுதுங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இந்தக் கொள்முதலுக்குப் பொருந்தும். அந்தச் சட்டத்தின்படி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு வந்த விலைப்புள்ளிகளில்தான் குறைந்த விலையைப் பார்ப்பார்கள். நிபந்தனை நன்றாக எழுதியிருந்தால் மட்டமான சரக்கு உள்ளேயே வராது.

சரி, பணம் ஏன் தாமதமாகிறது? மத்திய அரசு தன் பங்கை மாநிலத்துக்கு அனுப்பும்; மாநிலம் தன் பங்கையும் சேர்த்து ஒரே கணக்கில் போட்டு, அதிலிருந்து கல்லூரிக்கு விடுவிக்கும். மத்திய பங்கை விடுவித்த 40 நாளுக்குள் மாநிலப் பங்கும் அந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் 2021இல் விதி போட்டது. முழுத் தொகையும் ஒரே தடவையில் வராது, தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பணத்தை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்று எழுதித் தரும் சான்று, போகாவிட்டால் அடுத்தது வராது. செலவு முடிந்தும் சான்றிதழ் எழுதாமல் கிடப்பது வருத்தமான விஷயம், அந்த ஆண்டு படித்துவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு அது திரும்பிவராத இழப்பு.

மாநிலத்தின் பங்கு முழுவதும் கருவூலத்திலிருந்தே வர வேண்டும் என்பதும் இல்லை. அதில் பாதி வரை நன்கொடையாகவோ தனியார் பங்களிப்பாகவோ மாநிலம் திரட்டலாம் என்று 2013 ஒப்புதலிலேயே இடம் வைத்திருந்தார்கள். ஊர் மக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டம் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. முன்னாள் மாணவர் சங்கம் வலுவாக இருக்கும் கல்லூரிகள், பழைய மாணவர்கள் தர நினைக்கும் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வழி உண்டா என்று மாநிலத் திட்ட அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கல்லூரிக்கு எவ்வளவு வந்தது என்று தெரிய வேண்டுமா? முதலில் கல்லூரியின் அகத் தர உறுதிப் பிரிவில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம், கட்டணம் 10 ரூபாய். ஒப்புதல் ஆணையின் நகல், தவணை வந்த தேதிகள், மூன்று தலைப்புகளிலும் செலவான தொகை, கடைசியாக அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழ், வாங்கிய கருவிகளின் இருப்புப் பதிவேட்டுப் பக்கம் ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டில் எந்தத் திரை எந்த அறைக்கு என்று எழுதியிருக்கும். அந்த அறைக்குப் போய் அது ஓடுகிறதா என்று பாருங்கள்.